முதல் ஒளி: அனிஷினாபே கலையும் மெய்நிகர்க் கண்ணாடியும்

'பீடாபன்: முதல் ஒளி' என்பது கனடா நாட்டு இயக்குநர் லிசா ஜாக்சன் 2018ஆம் ஆண்டு உருவாக்கிய மெய்நிகர்ப் படைப்பு. லிசா ஜாக்சன் அனிஷினாபே என்னும் தொல்குடியைச் சேர்ந்தவர். கனடா தேசியத் திரைப்பட வாரியம் தயாரித்த இப்படைப்பு சுமார் எட்டு நிமிடங்கள் ஓடக்கூடியது. டொராண்டோ மாநகரம் வருங்காலத்தில் எவ்வாறு இருக்கும் என்னும் கற்பனையை, அந்த மண்ணுக்குரிய மூன்று தொல்குடி மொழிகளின் துணையுடன் இது முன்வைக்கிறது. தொல்குடி மரபும் எண்ணிமத் தொழில்நுட்பமும் இணைந்த கலைக்கு எடுத்துக்காட்டாக இன்று பலரும் சுட்டும் படைப்புகளுள் இதுவும் ஒன்று.

இப்படைப்பின் சிறப்பையும் குறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அடுத்து, அதே அளவுகோலைக் கொண்டு நம் கிருஷ்ணகிரி மாவட்டப் பாறை ஓவியங்களை நாம் நடத்தும் முறையையும் மதிப்பிடுகிறது. மெய்நிகர்க் கண்ணாடி அணிந்து இதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. வெளியிடப்பட்ட காட்சித் துணுக்குகளையும் படைப்பைப் பற்றிய உரைகளையும் கணினித் திரையில் பார்த்தே எழுதுகிறேன். இதையும் ஒரு குறையாகப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

அனிஷினாபே மக்களும் அவர்களின் ஓவிய மரபும்

வட அமெரிக்காவின் பேரேரிகளைச் சுற்றி, கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுமாக வாழ்பவர்கள் அனிஷினாபே மக்கள். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி முதலிய பிரிவினர் இப்பெயருக்குள் அடங்குவர். இவர்கள் பூர்ச்ச மரப்பட்டையில் படகு செய்தார்கள். அதே பட்டையைச் சுருளாக்கி, சடங்குப் பாடல்களையும் தோற்றக் கதைகளையும் கோட்டுருவங்களாகக் கீறி வைத்தார்கள். சுப்பீரியர் ஏரிக்கரையில் அகாவா என்னும் பாறைச் சுவரில் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன. படகுகளும், கொம்புடைய நீர்த்தெய்வமான மிஷிபெஷுவும் அங்கே காணப்படுகின்றன.

இம்மரபை நவீன ஓவிய உலகுக்குக் கொண்டுவந்தவர் நார்வல் மோரிசோ. 1962இல் டொராண்டோவின் பொல்லாக் கூடத்தில் நடந்த அவருடைய கண்காட்சி பெரிதும் பேசப்பட்டது. தடித்த கருங்கோடுகள், உடலின் உட்பகுதி தெரியும்படி வரையப்பட்ட விலங்குகள், ஓர் உயிரை மற்றோர் உயிரோடு இணைக்கும் கோடுகள் ஆகியவை அவருடைய பாணியின் அடையாளங்கள். இதனைக் 'காட்டுநிலப் பாணி' என்பர். சடங்கில் மட்டும் வழங்க வேண்டிய உருவங்களை வெளியாருக்குக் காட்டிவிட்டார் என்று அவருடைய மக்களுள் மூத்தோர் சிலர் கடிந்தனர். மரபு புதிய ஊடகத்துக்கு மாறும்போது எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு அறுபது ஆண்டு வயதாகிவிட்டது. கணினியோடு பிறந்த கேள்வி அன்று அது.

மற்றொரு வரலாற்றையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். கனடா அரசு தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் சேர்த்தது. அங்கே தாய்மொழி பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நடந்த இப்பள்ளிகளில் சுமார் 1,50,000 குழந்தைகள் படித்தனர். 2015இல் நிறைவுற்ற உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே குறிப்பிட்டது. லிசா ஜாக்சனின் தாயும் அத்தகைய பள்ளி ஒன்றில் வளர்ந்தவர். தாய் பேசியிருக்க வேண்டிய மொழியைத் தேடிச் செல்லும் மகளின் படைப்பாக 'முதல் ஒளி'யைப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

ஜாக்சனின் பூர்வீகமான ஆம்ஜிவ்நாங் குடியிருப்பு, கனடாவின் சார்னியா நகரத்தை ஒட்டியது. அதைச் சுற்றிலும் பெட்ரோலிய வேதியியல் ஆலைகள். அப்பகுதிக்கு 'வேதியியல் பள்ளத்தாக்கு' என்றே பெயர். சிப்காட் தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களில் வாழ்பவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்த ஓசூர்க்காரருக்கு, இயற்கை மீண்டும் வளர்ந்த ஒரு நகரத்தை அவர் ஏன் கற்பனை செய்தார் என்பதும் புரியும்.

படைப்பில் காண்பது

கண்ணாடியை அணிந்தவர் முதலில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தில் நிற்கிறார். அது டொராண்டோவின் ஆஸ்குட் நிலையம். வண்டி இல்லை, கூட்டம் இல்லை. நடைமேடைக்குக் கீழே நீர் தேங்கி நிற்கிறது. அடுத்து, நகரமன்றக் கட்டடத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கம். சிமென்ட் தளத்தைப் பிளந்துகொண்டு செடியும் மரமும் வளர்ந்திருக்கின்றன. மின்விளக்குகள் அணைந்த நகரத்தில், இதுவரை மறைந்திருந்த விண்மீன்கள் வானம் நிறையத் தெரிகின்றன.

இக்காட்சிகளுக்கு நடுவே வெண்டாட், மொஹாக், அனிஷினாபே ஆகிய மூன்று மொழிகளும் ஒலியாகவும் எழுத்தாகவும் வருகின்றன. டொராண்டோ நகரம் எழுவதற்கு முன்பே அந்த மண்ணில் வழங்கிய மொழிகள் இவை. இவற்றுள் வெண்டாட் மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் ஒரு கட்டத்தில் இல்லாமலே போயினர். பழைய அகராதிகளையும் ஏடுகளையும் கொண்டு அம்மொழியை அதன் மக்கள் மீட்டு வருகின்றனர். அப்படிப்பட்ட மொழியை வருங்கால நகரத்தின் மொழியாக ஒலிக்கச் செய்தது துணிவான செயல்.

'பீடாபன்' என்னும் அனிஷினாபே சொல், விடியலுக்கு முன் தோன்றும் முதல் வெளிச்சத்தைக் குறிக்கும். கடந்த காலமும் வருங்காலமும் இந்த நொடியில் வந்து கூடுகின்றன என்னும் கருத்தும் அச்சொல்லில் உண்டு. படைப்பின் முழுப் பொருளும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கருவி எதற்காக?

மெய்நிகர்க் கண்ணாடியின் அடிப்படை எளியது. இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணர்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உணர்விகள் கணக்கிட, கணினி உடனுக்குடன் காட்சியை மாற்றி வரைகிறது. இத்தகைய கருவிகள் வழக்கமாக நொடிக்கு 90 படங்கள் காட்டுகின்றன. இதனால், பார்ப்பவர் படத்துக்கு வெளியே நிற்பதாக உணர்வதில்லை. தாம் அந்த இடத்தினுள் நிற்பதாகவே உணர்கிறார்.

இந்த உத்தி பெரும்பாலும் வேடிக்கைக்கே பயன்படுகிறது. பொருட்காட்சிகளில் ரோலர் கோஸ்டர் ஓட்டிக் காட்டுவார்கள். பார்ப்பவர் அலறுவார், கழற்றி வைத்ததும் மறந்துவிடுவார். 'முதல் ஒளி' அதிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பரில் இப்படைப்பு டொராண்டோவின் நேதன் பிலிப்ஸ் சதுக்கத்திலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. எந்தச் சதுக்கம் காடாகி நிற்பதைக் கண்ணாடிக்குள் கண்டார்களோ, கண்ணாடியைக் கழற்றியதும் அதே சதுக்கத்தில் நின்றார்கள். நகரமன்றம் அதே இடத்தில் இருந்தது. ஆனால் பார்த்தவருக்கு அந்தத் தளம் முன்போலத் தெரிந்திருக்காது. ஓர் இடத்தைப் பற்றிய படைப்பை அந்த இடத்திலேயே காட்டியது எந்த வரைகலை நுட்பத்தையும் விட வலியது.

காலம் என்னும் இலக்கணம்

இப்படைப்பின் பெருமை அதன் காட்சி அழகில் இல்லை என்பதே என் கருத்து. தொல்குடி மக்களை இறந்தகாலத்திலிருந்து எடுத்து எதிர்காலத்தில் வைத்ததே அதன் பெருமை.

நம் பாடநூல்களைப் புரட்டினால் இது விளங்கும். பழங்குடிகளைப் பற்றிய வாக்கியங்கள் 'வாழ்ந்தனர்', 'வேட்டையாடினர்', 'வரைந்தனர்' என்றே முடியும். நகரத்தைப் பற்றிய வாக்கியங்கள் 'வளர்ந்து வருகிறது', 'உருவாகும்' என்று முடியும். ஒரே மாவட்டத்தில், ஒரே ஆண்டில் வாழும் இரு மக்களுக்கு இரு வேறு காலங்களின் வினைமுற்றுகளை நாம் கொடுத்துவிடுகிறோம். கற்பித்த காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். தொல்குடிகளை அருங்காட்சியகப் பொருளாக்கியதில் இந்த வினைமுற்றுக்கும் பங்கு உண்டு.

இதை எதிர்க்கும் கலைப் போக்கினைத் 'தொல்குடி எதிர்காலவியல்' என்கின்றனர். அனிஷினாபே கலைஞர் ஸ்காட் பெனெசினாபண்டனின் 'செவ்வாய் வானத்தின் கீழ் நீலப்பழ அடை' என்னும் மெய்நிகர்ப் படைப்பும் இவ்வகையினது. கனடா தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடிய 2017இல், இன்னும் 150 ஆண்டு கழித்து என்ன நடக்கும் என்று கேட்ட '2167' என்னும் திட்டத்தில் அது இடம்பெற்றது. சிலந்தி வலை வழியே தன் மக்கள் தோன்றிய இடத்துக்குப் பயணம் செய்யும் சிறுவனின் தொன்மக்கதையை, விண்வெளிப் பயணமாக மாற்றிச் சொல்கிறது அப்படைப்பு. அங்கும் தாய்மொழி மீட்பே மையப்பொருள்.

மொழி ஏன் இவ்வளவு முக்கியம்? தமிழ் மாணவருக்கு இதை எளிதில் விளக்கலாம். தொல்காப்பியம் பெயர்ச்சொற்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பிரிக்கிறது. மக்கள் உயர்திணை, விலங்கும் மரமும் கல்லும் அஃறிணை. அனிஷினாபே மொழியும் பெயர்களை இரண்டாகவே பிரிக்கிறது. ஆனால் அங்குள்ள பிரிவு உயிருள்ளவை, உயிரற்றவை என்பது. விலங்கும் மரமும் உயிருள்ளவை. கல்லைக் குறிக்கும் 'அசின்' என்னும் சொல்லும் இலக்கணப்படி உயிருள்ளவற்றின் வரிசையிலேயே நிற்கிறது. கல்லுக்கும் மனிதனுக்கும் ஒரே வகை வினைமுற்று கொடுக்கும் மொழியில் ஒரு நகரம் இடிந்து காடாவதைச் சொன்னால், அது அழிவுக் கதையாக மட்டும் இருக்காது. அம்மொழியை எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் விளக்கியிருந்தால், இப்படைப்பு பேரழிவுத் திரைப்படங்களின் ஒரு சிறு துண்டாகச் சுருங்கியிருக்கும்.

குறைகள்

பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் அது திறனாய்வு ஆகாது. மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, காட்சியின் சாயல். நகரத்தின் முப்பரிமாண வடிவங்களை உருவாக்கியவர் மேத்யூ போரெட் என்னும் டொராண்டோ ஓவியர். கொடி படர்ந்த கோபுரங்கள், நீர் புகுந்த நிலையங்கள் ஆகிய படிமங்களை அறிவியல் புனைகதைத் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் உலகம் முழுவதும் பார்த்திருக்கிறோம். மோரிசோவின் கோட்டையோ பூர்ச்சப்பட்டைச் சுருளின் உருவத்தையோ இங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். மரபு முழுவதும் செவிக்கும் சிந்தனைக்கும் சென்றுவிட்டது. கண்ணுக்குக் கிடைப்பது பழகிய இடிபாட்டு அழகு. மரபு என்பது வடிவம் மட்டும் அன்று, எண்ணும் முறையும் ஆகும் என்று இதற்கு மறுமொழி சொல்லலாம். அது சரியே. ஆயினும் மொழி தெரியாத பார்வையாளர் வீட்டுக்குக் கொண்டுபோவது சொல்லை அன்று, கொடிகளைத்தான்.

இரண்டாவது, மௌனம். இந்த நகரம் ஏன் வீழ்ந்தது? இதில் வாழ்ந்த இலட்சக்கணக்கானோர் எங்கே? இக்கேள்விகளைப் படைப்பு தொடவில்லை. காரணம் சொல்லாத அழிவு பார்ப்பவரை எளிதில் விட்டுவிடுகிறது. நதியைக் கெடுத்தது யார் என்று கேட்காமலே நதி தெளிந்துவிட்ட காட்சியை ரசிக்க முடிகிறது. வேதியியல் பள்ளத்தாக்கைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவரிடம் இன்னும் கூர்மையை எதிர்பார்ப்பதில் தவறில்லை.

மூன்றாவது, எட்டாமை. அறை அளவு இடமும், விலை கூடிய கணினியும் கண்ணாடியும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவரே பார்க்கலாம். பாறை ஓவியத்தை ஊரே கூடி நின்று பார்த்தது. இதை வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். சதுக்கத்தில் பொதுமக்களுக்கு வைத்தது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் கருவி பழையதானால் படைப்பு ஓடாது. அகாவாவின் செங்காவிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

கிருஷ்ணகிரியின் வெள்ளை ஓவியங்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை ஓவியங்கள் நிறைந்த பகுதி. பர்கூருக்கு அருகே மல்லப்பாடியில் உள்ள ஓவியங்களை 1978இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.வி. இராமன் கண்டறிந்தார். தமிழகத்தில் பாறை ஓவிய ஆய்வு வேகம் பெற்றது அதன் பிறகே. குதிரைமேல் அமர்ந்து எதிரெதிரே போரிடும் இருவர் அங்கே வெள்ளை நிறத்தில் வரையப்பட்டுள்ளனர். ஓசூர்ப் பக்கத்து மல்லசந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி அமைத்த கற்திட்டைகள் குன்றின்மேல் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றின் உட்புறக் கற்களிலும் வெள்ளை உருவங்கள் உண்டு. மயிலாடும்பாறையிலும் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அங்குக் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டளவினது என்ற ஆய்வு முடிவு 2022 மே மாதம் தமிழகச் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட பிறகு அவ்வூரின் பெயர் உலகறிந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவர்களை மல்லப்பாடிக்கு அழைத்துச் சென்றேன். "ஐயா, இதை யார் வரைஞ்சது?" என்று ஒரு மாணவன் கேட்டான். "பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால வாழ்ந்த மனுஷன்" என்றேன். "இப்ப அவங்க வாரிசு யாரு?" என்று அடுத்த கேள்வி வந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிப் பேருந்துக்கு அழைத்து வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு உறுதியான விடை இன்றும் இல்லை. பாறையில் வரைந்தவர்களுக்கும் இன்று சுற்றுப்புறத்தில் வாழ்பவர்களுக்கும் நேரான வம்சத் தொடர்பு காட்டுவது எளிதன்று. ஆனால் கேள்வியை முடித்துவைத்த என் அவசரம் தவறானது. வாரிசு யார் என்று தெரியாவிட்டாலும், இப்பாறைகளின் அருகில் யார் வாழ்கிறார்கள், அவர்கள் இவற்றை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம். கற்திட்டைகளைப் 'பாண்டவர் வீடு' என்று ஊரார் சொல்வது அத்தகைய ஒரு பெயர்தான். அதை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறோம்.

நாளை இவ்வோவியங்களுக்கும் மெய்நிகர் வடிவம் வரும். கைப்பேசியாலேயே பாறையை முப்பரிமாணமாகப் பதிவு செய்ய இன்று முடிகிறது. கருங்கல் குவாரிகள் நிறைந்த மாவட்டத்தில் அப்பதிவு அவசியமும் ஆகும். குன்று போனால் ஓவியமும் போகும். ஆனால் பாறையை மட்டும் அளந்து, பின்னணியில் கம்பீரமான ஒரு குரல் 'நம் முன்னோர் வாழ்ந்தனர்' என்று சொன்னால், நாம் செய்தது பழைய பாடநூலைக் கண்ணாடிக்குள் வைத்தது மட்டுமே. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைகளில் இன்று இருளர் மக்கள் வாழ்கிறார்கள். ஓசூர் வட்டாரத்து வகுப்பறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு வீட்டுமொழிகள் ஒரே பெஞ்சில் உட்காரும். டொராண்டோ படைப்பில் மூன்று மொழிகள் ஒலித்தன என்று வியக்கும் நாம், நம் குன்றுகளைப் பற்றிய பதிவில் எத்தனை மொழிகளுக்கு இடம் கொடுப்போம்?

யார் கையில் தூரிகை?

இந்தியாவில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கோத்தகிரிக்கு அருகே வெள்ளரிக்கொம்பைக் குறும்பர்களின் ஓவியம் அவற்றுள் ஒன்று. கிருஷ்ணகிரிப் பகுதியில் ஆடு மேய்க்கும் குறும்பர் வேறு, நீலகிரிக் குறும்பர் வேறு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எழுத்துப்பாறை என்னும் இடத்துப் பாறை ஓவியங்களைத் தம் மரபின் ஊற்றாக நீலகிரிக் குறும்பர் கருதுகின்றனர். செம்மண், வெண்மண், மரப்பட்டைக் கரி, காட்டு இலைச்சாறு ஆகியவற்றால் வீட்டுச் சுவரில் வரைந்துவந்த அவர்கள், சென்னையின் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையத்தின் உதவியால் தாளில் வரையத் தொடங்கினர். ஊடகம் மாறியது, வரையும் கை மாறவில்லை. தேனெடுப்பதும் திருவிழாவும் இன்றைய வாழ்க்கையாகவே அத்தாளில் வருகின்றன.

மற்றொன்று சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ் 2004இல் வெளியிட்ட 'லண்டன் ஜங்கிள் புக்'. மத்தியப்பிரதேசத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டனுக்கு வேலையாகச் சென்று, தாம் கண்ட நகரத்தைக் கோண்டு பாணியில் வரைந்த நூல் அது. அதில் சுரங்க ரயில் மண்புழுவாகிறது. பிக் பென் மணிக்கூண்டு, நேரம் சொல்லும் சேவலாகிறது. தொல்குடியை நகரத்தார் பார்ப்பதே வழக்கம். இங்கே தொல்குடி ஓவியர் நகரத்தைப் பார்க்கிறார். லிசா ஜாக்சன் டொராண்டோவின் சுரங்க ரயில் நிலையத்தைப் பார்ப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தூரிகையால் அதே செயல் நடந்துவிட்டது. என் பார்வையில், வடிவ மரபைக் காப்பதில் பஜ்ஜு ஷியாமின் நூல் 'முதல் ஒளி'யை விட ஒரு படி மேலானது. மொழி மரபைக் காப்பதில் 'முதல் ஒளி' மேலானது. இரண்டும் சேர்ந்த ஒரு படைப்பு இனிமேல்தான் வர வேண்டும்.

ஓசூரில் இருந்து பார்க்கும்போது மற்றொன்றும் கண்ணில் படுகிறது. உலகம் முழுவதும் விற்கும் கைப்பேசிகளுக்கான பாகங்கள் இங்கே தயாராகின்றன. ஓசூர் ஆலையில் ஐபோன் தயாரிக்க ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருப்பதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் கூறினார். ஹசாரிபாக் எது? அறுவடைக் காலத்தில் சோராய், திருமணத்தில் கோவர் என்று பெண்கள் மண்சுவரில் வரையும் ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். 2020இல் சோராய்-கோவர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பகுதியின் இஸ்கோ பாறை ஓவியங்களும் புகழ்பெற்றவை. மாலை ஷிப்ட் முடிந்து நிறுவனப் பேருந்துக்காக வரிசையில் நிற்கும் அப்பெண்களுள் சிலராவது தாயுடன் சேர்ந்து சுவரில் வரைந்தவர்களாக இருக்கலாம். கருவியைச் செய்யும் கையும் மரபை அறிந்த கையும் ஒருவருடையதாகவே இருக்கலாம். ஆனால் அக்கருவியில் எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் மேசையில் அவர் இல்லை. தொல்குடிக் கலையும் தொழில்நுட்பமும் இணைவது பற்றிய பேச்சில் இந்த மேசையை மறந்துவிடக் கூடாது.

மதிப்பீடு

'முதல் ஒளி' குறையற்ற படைப்பு அன்று. அதன் காட்சிமொழி கடன்பட்டது. அதன் கதை பொறுப்பாளிகளைக் கேட்காமல் விடுகிறது. அதன் கருவி பலருக்கு எட்டாதது. ஆயினும், புதிய கருவியைத் தொல்குடிப் படைப்பாளர் தாமே கையில் எடுத்து, தம் மொழியில், தம் மண்ணில் நின்று, எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார் என்பதால் அது நிலைக்கும். தொழில்நுட்பக் கலைப்படைப்பு எதுவாயினும் அதை நான்கு கேள்விகளால் மாணவர்கள் சோதிக்கலாம். எந்த இடத்தைப் பற்றியது, அந்த இடத்து மக்களுக்கு முதலில் காட்டப்பட்டதா? எந்த மொழியில் பேசுகிறது? எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்தவர் யார்? அம்மக்களைப் பற்றிய வாக்கியங்கள் எந்தக் காலத்தில் முடிகின்றன?

மல்லப்பாடிக்கோ மல்லசந்திரத்துக்கோ செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக ஓவியத்தின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுண்ணக்கட்டியால் கோட்டைத் தீட்டாதீர்கள். கையால் தொடவும் வேண்டாம். படம் எடுத்த பிறகு அருகிலுள்ள குடியிருப்புக்குச் செல்லுங்கள். அந்தப் பாறைக்கு அவர்கள் வழங்கும் பெயரை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டி, வெளியிடலாமா என்று கேளுங்கள். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். கண்ணாடி வரும்போது அதற்குள் வைக்க ஏதாவது இருக்கும்.